எல்லைக்கல்லுக்கு யார் பொறுப்பு? பாகூர் வயலும் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கோடும்

பாகூர் ஏரிக்கரை | திங்கள், இரவு 9.40

எங்கள் வயலின் தென்மேற்கு மூலையில் ஒரு கருங்கல் நிற்கிறது. முழங்கால் உயரம். மேல்முகத்தில் ஏதோ வெட்டியிருக்கிறது. அது எழுத்தா, யாரோ அரிவாள் தீட்டிய கீறலா என்று எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக வழக்கு நடக்கிறது. கல்லுக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே கடலூர் மாவட்டம். எங்கள் ஆயா உயிரோடு இருந்தவரை, "மாடு இங்கிலீசுக்குள் போய்விட்டது, ஓட்டிக்கொண்டு வா" என்றுதான் சொல்வார். இங்கிலீஷ்காரன் போய் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அவருக்கு அந்தப் பக்கம் இங்கிலீசு, இந்தப் பக்கம் பிராஞ்சு.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். அண்ணனும் நானும் பாகம் பிரிக்கிறோம். நிலத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கம். ஒரு துண்டு மட்டும் அந்தப் பக்கம். இங்கே பத்திரத்தில் குழி, அங்கே பத்திரத்தில் சென்ட். ஒரு குழி 576 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கணக்குப் போட்டுப் போட்டு அண்ணனுக்கும் எனக்கும் பேச்சே குறைந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் "அந்தக் கல் எங்கள் கல் அல்ல" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "கல்லைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார்கள்.

என் கேள்வி இதுதான். இங்கிலீஷ்காரன் 1947-ல் போய்விட்டான். பிரெஞ்சுக்காரன் 1954-ல் போய்விட்டான். கோடு போட்ட இருவரும் இல்லை. கோடு மட்டும் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது?

முத்தியால்பேட்டை | திங்கள், இரவு 9.58

சட்டமாவது ஒன்றாவது. முள்ளோடையில் போய் நின்று பாருங்கள். கடலூரிலிருந்து வருகிறவர்கள் எதற்காக அங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள் என்று தெரிந்தால் கோடு ஏன் நிற்கிறது என்பதும் தெரியும்.

மஞ்சக்குப்பம் வக்கீல் | திங்கள், இரவு 11.15

தம்பி பாகூர், உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்றைக்கு அந்தக் கோடு வெறும் உள்நாட்டுக் கோடு. அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் நினைத்தால் சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் மாற்றிவிடலாம். அதைப் பிறகு பார்ப்போம். அந்தக் கோடு எப்படி உங்கள் வயலுக்குள் வந்தது என்பதுதான் சுவையான கேள்வி.

பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் புதுச்சேரியில் கால் ஊன்றினார். இடம் கொடுத்தவர் வாலிகண்டபுரத்தில் இருந்த பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடி. 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிடித்ததோடு நில்லாமல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம் காசு கொடுத்து உரிமையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1697-ல் ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கை கையெழுத்தானதும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஷேர்கான் கொடுத்ததும் செஞ்சி விற்றதும் ஒரு பக்கம்; ஹாலந்தில் ஒரு மேசையில் போட்ட கையெழுத்து மறுபக்கம். எது எடுபட்டது என்று பாருங்கள்.

இப்போது உங்கள் பாகூருக்கு வருகிறேன். பாகூரும் வில்லியனூரும் முதலில் 1750-ஐ ஒட்டி, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் காலத்துக் கூட்டணி அரசியலில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் தோற்ற தரப்பு. 1749-க்குப் பிறகு சோழமண்டலக் கரையில் சம்பாதித்ததை எல்லாம் கைவிட ஒப்புக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து, 1783 செப்டம்பரில் வெர்சாயில் இன்னோர் உடன்படிக்கை. அமெரிக்க விடுதலைப் போரை முடித்து இங்கிலாந்தும் பிரான்சும் போட்டுக்கொண்டது. அதில் ஒரு பிரிவு, புதுச்சேரிக்குச் சுற்றுப்புறமாக வில்லியனூர், பாகூர் என்னும் இரண்டு வட்டங்களையும், காரைக்காலுக்கு அதை ஒட்டிய நான்கு மாகாணங்களையும் (அன்றைக்கு ஊர்த்தொகுதிக்கு அந்தப் பெயர்) இங்கிலாந்து பெற்றுத்தர வேண்டும் என்கிறது. வாஷிங்டன் சண்டை போட்டதற்கு உங்கள் ஊர் கைமாறியது, தம்பி.

பிறகு 1793-லும் 1803-லும் இங்கிலீஷ்காரர்கள் மறுபடி பிடித்தார்கள். நெப்போலியன் வீழ்ந்த பின் 1814 பாரிஸ் உடன்படிக்கை: 1792 ஜனவரி 1 அன்று பிரான்சிடம் எவை இருந்தனவோ அவை திரும்பும். உங்கள் கல்லுக்கு வேர் அந்தத் தேதியில் இருக்கிறது. அன்றைக்கு எந்த ஊர் யார் கணக்கில் இருந்ததோ அப்படியே உறைந்தது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் திருபுவனையும் மதகடிப்பட்டும் புதுச்சேரி, பிறகு மறுபடி தமிழ்நாடு என்று வருவது அதனால்தான்.

பாகூர் ஏரிக்கரை | திங்கள், இரவு 11.31

அமெரிக்க விடுதலைப் போரா! அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். "அப்படியானால் வரப்புத் தகராறுக்கு வாஷிங்டனையே கூப்பிடு" என்று பதில் வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் அவன் எனக்கு எழுதிய முதல் வரி இது.

தேவனாம்பட்டினத்தான் | செவ்வாய், காலை 6.50

வக்கீல் ஐயா எங்கள் ஊரை விட்டுவிட்டார். அதே செஞ்சி தர்பாரிடம்தான் 1690-ல் இங்கிலீஷ் கம்பெனியும் எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஓர் அளவுகோல் பேசினார்கள்: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை.

கம்பெனி சும்மா இருக்குமா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்றை வரவழைத்தார்கள். எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுகிறவனின் கைத்திறமை என்று குறிப்பும் எழுதி அனுப்பினார்கள். நாலாபுறமும் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் அந்த வட்டத்துக்குள் அகப்பட்டன. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் தலைக்கு மேல் குண்டு பறந்தது. மாலைக்குள் அவர் கம்பெனிக் குடி.

கோட்டை இன்று சில இடிந்த சுவர்கள். மாலையில் பையன்கள் அங்கேதான் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

காலாப்பட்டு மாணவி | செவ்வாய், காலை 8.05

சட்டம் படிக்கிறேன். இதை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக மனம் வரவில்லை.

தேவனாம்பட்டினத்து ஐயா சொன்னது வெறும் ஊர்க்கதை அல்ல. 1702-ல் பிங்கர்ஷூக் என்னும் டச்சுச் சட்ட அறிஞர், ஒரு நாட்டின் கடல் ஆட்சி கரையிலிருந்து அதன் ஆயுதம் எட்டும் தூரத்தோடு முடிகிறது என்று எழுதினார். பீரங்கிக் குண்டு விதி என்று அதைப் பாடத்தில் படிக்கிறோம். பிற்காலத்தில் அது மூன்று கடல் மைல் என்று நிலைத்து, 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் பன்னிரண்டாக நீண்டது. பிங்கர்ஷூக் ஏட்டில் எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கடலூரில் தரையிலேயே சுட்டுப் பார்த்துவிட்டார்கள்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விற்றவர் செஞ்சி அரசர், வாங்கியது கம்பெனி, அளந்தது பீரங்கி. குடியிருந்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலத்தின் மீதான இறையாண்மை பற்றிய பழைய சட்டம் முழுவதும் இப்படித்தான். 1928-ல் பால்மாஸ் தீவு வழக்கு வந்தது. அமெரிக்காவும் நெதர்லாந்தும் கட்சிக்காரர்கள். நடுவர் மாக்ஸ் ஹூபர். ஸ்பெயின் கண்டுபிடித்தது, 1898-ல் எங்களுக்குக் கொடுத்தது என்றது அமெரிக்கா. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, தொடர்ந்து அமைதியாக ஆட்சி நடத்தியவருக்கே உரிமை என்று ஹூபர் நெதர்லாந்துக்குக் கொடுத்தார். இன்றும் மாணவர்கள் முதலில் படிக்கும் தீர்ப்பு அதுதான். தீவில் இருந்தவர்களின் விருப்பம் அதில் கேள்வியாகவே எழவில்லை. இப்போது அந்தத் தீவு இந்தோனேசியாவில் இருக்கிறது, ஏனென்றால் டச்சுக்காரர் வைத்திருந்ததை அந்த நாடு அப்படியே பெற்றது.

முத்தியால்பேட்டை | செவ்வாய், காலை 9.20

அதெல்லாம் பழங்கதை, மகளே. 1954-ல் நம் மக்களைக் கேட்டுத்தானே சேர்த்தார்கள்? கீழூரில் வாக்கெடுப்பு நடந்ததே. 178 பேரில் 170 பேர் இந்தியா என்றார்கள். நினைவு மண்டபம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

காலாப்பட்டு மாணவி | செவ்வாய், பகல் 1.10

போய்ப் பார்த்திருக்கிறேன். நீங்களே சொல்லிவிட்டீர்கள், 178 பேர். அவர்கள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். 1954 அக்டோபர் 18 அன்று வாக்களித்தது அவர்கள் மட்டும். உங்கள் தாத்தாவோ என் பாட்டியோ வாக்குப்பெட்டியைப் பார்க்கவில்லை. 1946 பிரெஞ்சு அரசமைப்பின் 27-ஆவது பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் மக்களிடம் கேட்பதாகவே ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சந்திரநாகூரில் 1949 ஜூனில் அப்படியே கேட்டார்கள். மக்கள் பெருவாரியாக இந்தியா என்றார்கள். இங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை?

மஞ்சக்குப்பம் வக்கீல் | செவ்வாய், மாலை 4.45

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஆண்டின் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள், அம்மா. அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த அரசியல் தலைவர் குபேர் மார்ச்சில் இந்தியா பக்கம் மாறி நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்துவிட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் சுப்பையாவின் தோழர்கள் அதற்கு முன்பே களத்தில் இருந்தார்கள். 1936-ல் சவானா பஞ்சாலையில் பன்னிரண்டு தொழிலாளர்கள் சுடப்பட்டதை ஊர் மறக்கவில்லை. ஜூனில் ஏனாம் போயிற்று, ஜூலையில் மாகே போயிற்று. மே மாதம் தியன் பியன் பூ போரில் தோற்று, பிரான்ஸ் வியட்நாமை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. பிரதிநிதிகளிடம் கேட்பது அன்றைக்கு இரு அரசுகளுக்கும் வசதியான வழி.

என்னைக் கேட்டால், மக்களைக் கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. கேட்டிருக்க வேண்டும் என்பதையும் அது மாற்றாது.

அதன் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்படைப்பு உடன்படிக்கையில் டில்லியில் கையெழுத்து. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 வரை இழுத்தது. அல்ஜீரியாவில் போர் நடக்கும்போது ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் தாளில் கைவைக்க பாரிசில் யாருக்கும் துணிவு இல்லை. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்பூர்வப் பரிமாற்றம். நடுவில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் புதுச்சேரி யாருடையது?

1961-ல் பஸ் உரிமம் சம்பந்தமான வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் போயிற்று. நீதிமன்றம் இந்திய அரசிடமே கேட்டது. புதுச்சேரி இன்னும் இந்திய ஆட்சிநிலத்தின் பகுதி ஆகவில்லை என்று இந்திய அரசே பதில் சொன்னது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. மூவண்ணக் கொடி பறக்கிறது, இந்தியத் தலைமை ஆணையர் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இந்தியா அல்ல. நான் மாணவனாக இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று, கடலூரிலிருந்து பஸ் ஏறி முள்ளோடை தாண்டும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

சொல்தா பேரன் | செவ்வாய், இரவு 8.30

இத்தனை பேர் பேசுகிறீர்கள், எங்களை மறந்துவிட்டீர்கள்.

என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போய்வந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1881 ஆணையின்படி சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர். 1956 உடன்படிக்கை சொல்வது இதுதான்: இங்கே பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி அப்போது அறுவடையில் இருந்தார். ஆறு மாதம் போய்விட்டது.

ஒரே வீடு, ஒரே திண்ணை. பெரியவருக்கு பிரான்சிலிருந்து ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் பாரிசில் வேலை. சின்னவருக்குக் கம்பு வயல். கடைசிவரை சின்னத் தாத்தா கோபப்பட்டது பிரான்சின் மீது அல்ல, எங்கள் தாத்தாவின் மீது. "அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்பார். தாத்தா சொன்னாரா இல்லையா என்பது எங்கள் வீட்டின் எல்லைக்கல் வழக்கு.

ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தில் பதக்கம் குத்திக்கொண்டு நிற்கும் முதியவர்களைப் பார்த்துச் சிலர் அடிமைப் புத்தி என்கிறார்கள். தாளில் அவர்கள் அந்த நாட்டின் குடிமக்கள். வேறு எங்கே நிற்பார்கள்?

முதுநகர் படகுக்காரன் | செவ்வாய், இரவு 9.05

குடிமக்களைக் கேட்க வேண்டும் என்கிறீர்களே, 1974-ல் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்தபோது யாரைக் கேட்டார்கள்? அரசமைப்பைத் திருத்தாமல் நிலத்தைக் கொடுக்க முடியாது என்று, வங்காளத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே. பெருபாரிக்கு ஒரு சட்டம், எங்கள் கடலுக்கு ஒரு சட்டமா?

காலாப்பட்டு மாணவி | செவ்வாய், இரவு 9.40

அண்ணா, அரசின் வாதம் இப்படி: கச்சத்தீவு யாருடையது என்பதே தகராறில் இருந்தது, எனவே அது நிலத்தை விட்டுக்கொடுத்தது ஆகாது, எல்லையைத் தீர்மானித்தது மட்டுமே. தகராறு என்று பெயர் வைத்துவிட்டால் நாடாளுமன்றத்தின் பக்கம் போகவே வேண்டாம் என்பது எனக்கும் உறுத்துகிறது. 1974 ஒப்பந்தம் நம் மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போகலாம் என்றது. 1976 கடிதப் பரிமாற்றம், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்றது. வலை காய வைக்கலாம், மீன் பிடிக்க முடியாது என்ற நிலை அப்படித்தான் வந்தது. இன்று இதை மாற்றுவது கடினம். சூழ்நிலை மாறிவிட்டது என்ற காரணம் எல்லை ஒப்பந்தங்களுக்குச் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மட்டறுத்துநர் | செவ்வாய், இரவு 9.52

கச்சத்தீவுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே நானூறுக்கு மேல் பதிவுகள் ஆகிவிட்டன. இங்கே பாகூர் வயலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதுநகர் படகுக்காரன் | செவ்வாய், இரவு 9.55

எங்களை எப்போதும் தனி இழைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

முத்தியால்பேட்டை | புதன், காலை 7.15

சட்டம் எப்போதும் கோடு போட்டவன் பக்கம் என்றால் கோவாவை எப்படி எடுத்தோம்? பட்டாளத்தை அனுப்பினோம், முடிந்தது. உலகம் என்ன செய்தது?

காலாப்பட்டு மாணவி | புதன், காலை 8.40

உலகம் கொஞ்சம் சத்தம் போட்டது. 1961 டிசம்பர் 18 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மேற்கு நாடுகள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாக ஏழு வாக்கு, எதிராக நான்கு. சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. எதிர்த்த நால்வரில் இலங்கையும் ஒன்று, முதுநகர் அண்ணன் கவனிக்க. 1960 டிசம்பரில்தான் பொதுச்சபை, குடியேற்ற ஆட்சிகள் எல்லாம் முடிய வேண்டும் என்று 1514-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. அந்த ஓராண்டு இடைவெளி இந்தியாவுக்குப் பெரிய துணை. போர்ச்சுகல் 1974-ல் தன் சர்வாதிகாரம் கவிழ்ந்த பிறகுதான் ஒப்புக்கொண்டது.

ஆனால் அதற்கு முந்தைய தாத்ரா, நாகர் ஹவேலி வழக்கைப் படியுங்கள். இந்திய நிலத்தால் சூழப்பட்ட அந்த ஊர்களுக்குப் போக இந்தியா வழி விடவில்லை என்று போர்ச்சுகல் போட்ட வழக்கு. சர்வதேச நீதிமன்றம் 1960 ஏப்ரலில் சொன்னது: 1779-ல் மராட்டியர் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்தது வரி வசூலிக்கும் சரஞ்சாம் உரிமை மட்டுமே, இறையாண்மை அல்ல. நல்லது என்று நாம் மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி. பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை இறையாண்மையாகவே நடத்தினார்கள், எனவே அது இறையாண்மையாகிவிட்டது. மராட்டியர் என்ன கொடுத்தார் என்பதை ஆங்கிலேயர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதே முடிவு செய்தது! கடைசியில் படை போகும் உரிமை போர்ச்சுகலுக்கு இல்லை, தனியாரும் அதிகாரிகளும் சரக்கும் போக உரிமை இருந்தது, ஆனால் இந்தியா அதை மீறவில்லை என்று இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்து அனுப்பினார்கள்.

மஞ்சக்குப்பம் வக்கீல் | புதன், மாலை 5.20

நான் சொல்ல நினைத்தது இங்கேதான் பொருந்துகிறது. வெளிநாட்டு மன்றங்களை விடுங்கள், நம் மன்றங்களுக்கு வருவோம்.

1855-ல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அதோடு அரண்மனைச் சொந்தச் சொத்தையும் பூட்டி முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சிபாய் சென்னையில் வழக்குப் போட்டு வென்றார். கம்பெனி, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1859 தீர்ப்பின் சாரம்: இது அரசின் செயல், நியாயமோ அநியாயமோ, எந்த நீதிமன்றமும் இதில் நுழைய முடியாது. ஓர் அரசு இன்னோர் அரசின் நிலத்தை எடுத்தால், அங்கிருந்த மக்களின் பழைய உரிமை எதுவும் புதிய அரசு ஏற்றுக்கொண்டால்தான் உண்டு.

இதைக் குடியேற்ற ஆட்சியின் சூழ்ச்சி என்று கடிந்துகொண்டு போய்விடலாம். போக முடியவில்லை. விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் சேர்ந்தபோது, பழைய மன்னர் கொடுத்த உரிமை செல்லுமா என்று மக்கள் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். மன்றம் இதே கோட்பாட்டைத்தான் எடுத்துப் பேசியது. கோவாவில் போர்ச்சுகீசியர் கொடுத்த சுரங்க உரிமை பற்றிய வழக்கில் 1981-லும் அதே பல்லவி. தஞ்சை ராணியைத் தோற்கடித்த வாதத்தை நாமே எடுத்து வைத்துக்கொண்டோம். கோடுகளை மட்டுமா வைத்துக்கொண்டோம் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

தேவனாம்பட்டினத்தான் | புதன், மாலை 6.02

ஐயா, சரஸ்வதி மகாலுக்குப் போகும்போதெல்லாம் அந்த ராணியின் பெயரை யாராவது சொல்வார்களா என்று பார்ப்பேன். இதுவரை இல்லை.

பாகூர் ஏரிக்கரை | புதன், இரவு 8.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். 2015-ல் வங்கதேசத்தோடு திட்டு ஊர்களை மாற்றிக்கொண்டோமே. நம்முடையவை 111 அங்கே போயின, அவர்களுடையவை 51 இங்கே வந்தன. எந்த நாட்டுக் குடிமகன் என்று அங்கிருந்தவர்களையே தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். இரண்டு நாடுகளுக்கு முடிந்தது, ஒரே நாட்டுக்குள் கண்டமங்கலத்துக்கும் மதகடிப்பட்டுக்கும் முடியாதா?

மஞ்சக்குப்பம் வக்கீல் | புதன், இரவு 8.50

முடியும். அங்கே 100-ஆவது அரசமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. இங்கே அதுகூட வேண்டாம். 3-ஆவது பிரிவின்படி மசோதா கொண்டுவரும்போது சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் 'மாநிலம்' என்பதில் யூனியன் பிரதேசம் அடங்காது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதாவது தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தைக் கேட்க வேண்டும், புதுச்சேரிச் சட்டமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது 1956 உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவைப் படியுங்கள். இந்தப் பகுதிகளுக்குப் பழைய தனி நிர்வாக நிலை தொடரும். அதில் எந்த அரசமைப்பு மாற்றமும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும். பிரான்சுக்குக் கொடுத்த வாக்கில் கேட்க வேண்டும், நம் சொந்தச் சட்டத்தில் கேட்க வேண்டாம்!

முத்தியால்பேட்டை | புதன், இரவு 9.10

கேட்காமல் செய்து பார்க்கட்டும். 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பது பற்றிப் பேசினார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. ஊரே தெருவுக்கு வந்தது. கடைகள் மூடின, கல் பறந்தது, துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அம்மா என்னை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

காலாப்பட்டு மாணவி | புதன், இரவு 9.32

ஐயா, திங்கட்கிழமை கோடு நிற்பதற்குக் காரணம் மதுக்கடை என்று எழுதியவரும் நீங்கள்தான்!

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. ஐரோப்பியர் வரைந்த கோடுகளை எல்லோரும் திட்டினார்கள். 1964-ல் ஆப்பிரிக்க நாடுகள் கெய்ரோவில் கூடியபோது, விடுதலை பெற்ற நாளில் இருந்த எல்லையை மதிப்போம் என்று அவர்களே தீர்மானித்தார்கள். புர்கினா ஃபாசோ, மாலி வழக்கில் 1986-ல் சர்வதேச நீதிமன்றம் அதை உலகப் பொதுவிதி என்றது. யூட்டி பொசிடெட்டிஸ் என்பார்கள்: கையில் இருந்தபடியே வைத்துக்கொள். கோட்டைக் கலைத்தால் எங்கே நிற்கும் என்ற பயம் ஒரு பாதி. மறுபாதி, இரண்டு தலைமுறைக்குள் கோட்டுக்கு உள்ளேயே ஒரு ஊர் வளர்ந்துவிடுகிறது என்பது.

சொல்தா பேரன் | புதன், இரவு 9.50

பாகூர் அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். நாளைக்கே கல்லைப் பிடுங்கி உங்கள் நிலம் முழுவதையும் கடலூரோடு சேர்க்கிறோம் என்றால் சம்மதமா?

பாகூர் ஏரிக்கரை | வியாழன், காலை 6.10

இரவு தூங்கவில்லை, இந்தக் கேள்வியால்.

சம்மதம் இல்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். புதுச்சேரி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைத்தால் உண்டு, அங்கே போனால் கூட்டத்தில் ஒருத்தி. அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை இந்தப் பக்கம். அண்ணன் வீடு அந்தப் பக்கம், அவனைக் கேட்டால் அவனும் அங்கேதான் இருப்பான். அவன் பையன் அங்கே அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறான். கோட்டைத் திட்டிக்கொண்டே இருவரும் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை பத்து மணிக்கு இரண்டு பக்க அளவையர்களும் ஒன்றாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

பாகூர் ஏரிக்கரை | வியாழன், மாலை 6.25

வந்தார்கள். ஒருவர் பத்தரைக்கு, மற்றவர் பன்னிரண்டுக்கு. கல்லைச் சுற்றியிருந்த கோரையை அண்ணன் வெட்டினான், நான் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். வெட்டிய கோடுகள் கொஞ்சம் தெளிந்தன. ஓர் அளவையர் எஃப் என்ற ஆங்கில எழுத்து என்றார். மற்றவர் சிலுவை என்றார். சித்தப்பா அரிவாள்தான் என்று சத்தியம் செய்தார்.

சங்கிலி பிடித்ததில் இரண்டு வரைபடங்களுக்கும் மூன்றடி வித்தியாசம். மூன்றடி அகலம், வயல் நீளத்துக்கு ஒரு பட்டை, இரண்டு வரைபடத்திலும் இல்லை. அதில் ஒரு பனைமரமும் எங்கள் ஆயா வைத்த நாவல் மரமும் நிற்கின்றன. "இதை நான் எழுத முடியாது" என்றார் இவர். "நானும்" என்றார் அவர். அண்ணன் இருவருக்கும் நுங்கு வெட்டிக் கொடுத்தான், அந்தப் பனையிலிருந்தே.

வக்கீல் ஐயாவிடம் ஒரே கேள்வி. அந்தப் பட்டையைப் பாகப் பத்திரத்தில் குழியில் எழுதுவதா, சென்ட்டில் எழுதுவதா?

மஞ்சக்குப்பம் வக்கீல் | வியாழன், இரவு 7.40

இப்போதைக்கு எழுதாதீர்கள், தம்பி. வரைபட நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். அண்ணனையும் கூட்டி வாருங்கள். நாவல் பழுத்திருந்தால் கொஞ்சம் கொண்டு வரலாம்.